‘ஏழாம் இலக்கப் படகு’க்கு ஒரு நன்றியுரை

மருதமுனையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கடலோரக் கலை இலக்கியப் பண்பாட்டு மேம்பாட்டுப் பேரவை என்று ஒன்று இருக்கிறது. இந்தப் பெயரை ஒலிவாங்கியில் சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தில் பாதிப்பேருக்குக் கொட்டாவி வந்துவிடும். பேரவைக்குச் சொந்தமாக ஒரு மண்டபம் உண்டு. மண்டபத்தில் மேடை உண்டு. மேடையில் தலைவருக்கு மட்டும் கைப்பிடி வைத்த கதிரை உண்டு.

பேரவைக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: நூல் வெளியிடுவது. கிறாஅத் ஓதல், வரவேற்புரை, தலைமையுரை, முதற்பிரதி வழங்கல், பொன்னாடை, நயவுரை, ஏற்புரை, நன்றியுரை, கடைசியில் ரோல்ஸும் பிளேன்ரீயும். இந்த ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை. உறுப்பினர் ஒருவர் மௌத்தானபோது இரங்கல் கூட்டம் வைத்தார்கள். அன்றைக்கும் வரவேற்புரை சொன்னவர் “இந்த இனிய மாலைப் பொழுதிலே” என்றுதான் ஆரம்பித்தார். பொன்னாடை வாங்கியாகிவிட்டது, யாருக்குப் போர்த்துவது என்று தெரியவில்லை. ஆகவே மௌத்தானவரின் மூத்த மகனுக்குப் போர்த்தினார்கள். அந்த மனிதர் அழுதுகொண்டே ஏற்புரை நிகழ்த்தினார்.

தலைவர் அல்ஹாஜ் ஸைனுலாப்தீன். ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். ‘கவிச்சமுத்திரம்’ என்ற பட்டம் அவருக்கு இருக்கிறது. பட்டம் கொடுத்தது பேரவை. கொடுத்த கூட்டத்துக்குத் தலைமை வகித்ததும் அவரே. வீட்டில் தண்ணீர் கேட்பதென்றாலும் மேடைத் தமிழில்தான் கேட்பார். அவருடைய மனைவி ஒரு நாள் என்னிடம் சொன்னார், கலியாணம் முடித்த காலத்தில் இருந்து மனுசன் தன்னோடு ஒருதரமும் கதைத்ததில்லையாம், உரைதான் ஆற்றியிருக்கிறாராம்.

நான் சுல்பிகா. ஆங்கிலம் படிப்பிக்கிறவள். அந்த மண்டபம் வெளியீடு இல்லாத நாட்களில் சும்மா பூட்டிக் கிடந்ததால், செயலாளர் மர்சூக் காக்காவிடம் கேட்டு, பின்னேரங்களில் அங்கே ஒரு வகுப்பு வைத்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் பெண்கள். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்தைக் கோட்டைவிட்டவர்கள், இடையில் கலியாணம் முடித்தவர்கள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிறவர்கள். அவர்களில் றிப்னா பகலெல்லாம் தறியில் இருப்பாள். தாதியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. ஆங்கிலத்தில் மட்டும் ஒரு சாதாரண சித்திகூட, அதாவது வெறும் பாஸ்கூட, இல்லை. டிசம்பரில் சோதனை. இந்த முறையும் தவறினால் வயது கடந்துவிடும். அவளுடைய வாப்பா கடலுக்குப் போகிறவர், கொஞ்சம் கண்டிப்பான ஆள். கல்முனை டவுனுக்கு ரியூசனுக்கு விடமாட்டேன் என்றவர், பேரவை மண்டபம் என்றதும் ஓம் என்றார். அங்கே ஒன்றும் நடக்காது என்பது ஊருக்கே தெரியும்.

புத்தகத்தை வைத்துப் படிப்பித்தால் இவர்கள் நித்திரை கொண்டுவிடுவார்கள். பாவம், விடியக்காலையில் எழும்பியவர்கள். அதனால் ஒரு தாய்லாந்துத் தொலைக்காட்சித் தொடர் நாடகத்தைப் பிடித்தேன். பெயர் ‘ஏழாம் இலக்கப் படகு’. பேச்சு தாய்லாந்து மொழி. கீழே ஆங்கில வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியாக நிறுத்தி, அதற்குத் தமிழ் என்ன என்று கேட்பேன். எல்லோரும் சேர்ந்து தமிழைக் கண்டுபிடித்ததும் அதையே எழுத்தாகப் படத்தின் கீழே போட்டுவிடுவேன். இதுதான் வகுப்பு. ‘நீ சாப்பிட்டாயா’ என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகக் கேட்கலாம் என்று அந்தப் பெண்களுக்கு இன்று தூக்கத்திலும் தெரியும்.

கதை இதுதான். பாங்கொக் ஆற்றில் ஓடுகிற பயணிகள் படகு ஒன்றில் தாம் என்று ஒரு பொடியன் ரிக்கற் கிழிக்கிறான்; பின்னேரத்தில் இயந்திரவியல் படிக்கிறான். படகுக் கம்பனி முதலாளியின் மகன் கிரித், வீட்டில் கார் இருக்க, அந்தப் படகிலேயே தினமும் வருகிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். கிரித்தின் தகப்பன் படகு உரிமையாளர் சங்கத்தின் தலைவர். அவருக்கு இது பிடிக்கவில்லை.

இரண்டு ஆண்கள் விரும்புகிற கதையை நம்முடைய பெண்கள் ஏன் பார்க்கிறார்கள் என்று பிறகு ஒரு நூறு பேர் என்னிடம் கேட்டார்கள். நான் வகுப்பில் இருந்த பௌமியாவிடம் கேட்டேன். மூன்று பிள்ளைகளின் உம்மா அவள். அவள் பதிலை அப்படியே தருகிறேன்: “ஒரு ஆம்புள இன்னொரு ஆளுக்குச் சோத்தப் போட்டுக் குடுத்துட்டு, அவன் திண்டு முடியுமட்டும் பாத்துக்கு இரிக்கான் டீச்சர். இத நான் வேற எங்கயும் காணல்ல.”

அந்தச் சோற்றுக் காட்சியைப் பெண்கள் திருப்பிக் கேட்டு, அது மறுபடி ஓடிக்கொண்டிருந்த பின்னேரம்தான் தலைவர் மண்டபத்துக்குள் வந்தார். அடுத்த வெளியீட்டுக்குப் பதாகை எங்கே கட்டுவது என்று பார்க்க வந்தவர், எங்களுக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்தார். கோபப்படுவதற்குத் தேவையான நேரத்தைவிடக் கூடுதலாகவே நின்று பார்த்தார். பிறகு ஒரு செருமல். றிப்னா பயந்துபோய் மடிக்கணினியை மூடினாள்.

வாசலில் நின்றே ஏசியிருக்கலாம். மனிதர் அப்படியான ஆள் இல்லை. மேடைக்கு ஏறினார். ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார். மின்சாரம் கொடுக்கப்படவில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை.

“நான் யாரையும் தடுக்கவில்லை. எனது அனுமதியோடு இங்கே எல்லோரும் சுதந்திரமாக இருக்கலாம். உங்களது உணர்வுகளை நான் மதிக்கின்றேன். அந்த உணர்வுகள் இருக்கக்கூடாது என்பது மட்டுமே எனது நிலைப்பாடு. இதை நான் எனக்காகச் செய்யவில்லை. எனது பெயருக்காகச் செய்கின்றேன்.”

றிப்னா அழத் தொடங்கினாள். சோதனை வருகிறது சேர், படத்தை நிறுத்துகிறோம், வகுப்பை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று கெஞ்சினாள். தலைவர் கையை உயர்த்தினார்.

“அழுவதாயின் அழலாம். சுருக்கமாக அழவும். கதவைப் பூட்ட வேண்டும்.”

பூட்டினார். அந்தப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் நின்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த மனிதருக்கு நல்லதொரு பாடம் கொடுக்காமல் விடுவதில்லை என்று. பழிவாங்குவது நல்ல குணம் இல்லை என்று என் உம்மா சொல்வார். உம்மாவுக்கு நல்ல குணம் இருக்கிறது. எனக்கு இல்லை.

மறுநாள் பேரவை அவசரமாகக் கூடியது. நாடகத்தையும் என்னையும் கண்டித்து ஒரு தீர்மானம் போடுவது என்று தலைவர் முன்மொழிந்தார். மர்சூக் காக்கா ஓய்வுபெற்ற தபாலதிபர். முத்திரை இல்லாத கடிதத்தை எடுக்காதவர் மாதிரி, பேரவையின் யாப்பில், அதாவது விதிக்கோவையில், இல்லாத எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். எந்தப் படைப்பையும் முழுவதும் நுகராமல் கண்டிக்க முடியாது என்று யாப்பில் இருப்பதை அவர் எடுத்துச் சொன்னார். அந்த விதியைக் கொண்டுவந்ததே தலைவர்தான். அவருடைய கவிதைத் தொகுதியை யாரோ ஒருவர் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுக் கிழித்துப் பேசியதால் வந்த விதி அது. ஆகவே நிர்வாகக் குழு முழு நாடகத்தையும் பார்த்தே ஆகவேண்டியதாயிற்று.

படமும் தமிழ் எழுத்தும் என்னிடம் இருந்ததால் என்னையும் கூப்பிட்டார்கள். தலைவர் வீட்டுக் கூடத்தில், அஸர் தொழுகைக்குப் பிறகு, தினமும். தலைவர், மர்சூக் காக்கா, முதற்பிரதி வாங்குவதற்கென்றே பேரவையில் சேர்த்து வைத்திருக்கும் ஹாட்வெயார் முதலாளி பதியுதீன் ஹாஜியார், பாண்டிருப்பிலிருந்து ஜீவராஜ் மாஸ்டர். மாஸ்டர் பேரவையின் இன நல்லுறவு. அழைப்பிதழில் அவர் பெயர் இருந்தால் நல்லுறவு இருக்கிறது என்று அர்த்தம். மற்றப்படி அவரிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

முதல் நாள் நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு, மருந்து குடிக்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். தாமும் கிரித்தும் ஒரே திரையில் வரும்போதெல்லாம் தலைவர் செருமினார். இரண்டாம் நாள் செருமல் குறைந்தது. அதற்கடுத்த நாள் நான் போவதற்கு முன்பே வந்து கதிரை பிடித்திருந்தார்கள். பதியுதீன் ஹாஜியார் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். பெருநாள் தவிர அந்தக் கடை சாத்தியதை ஊர் கண்டதில்லை.

ஒரு காட்சியில் மழை பெய்கிறது. தாமும் கிரித்தும் ஒரே குடைக்குள் நடந்து போகிறார்கள். ஒரு குடைக்குள் இரண்டு ஆண்கள் போவது பண்பாட்டுக்கு முரணா என்று வாக்குவாதம் வந்தது. உடனே ஓர் உபகுழு அமைத்தார்கள். உபகுழுவில் பதியுதீன் ஹாஜியாரும் ஜீவராஜ் மாஸ்டரும். இரண்டு பேரும் தலைவர் வீட்டு வளவில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழை இல்லாததால் மர்சூக் காக்கா பூக்கன்றுக்கு ஊற்றும் குழாயால் தண்ணீர் அடித்தார். வேலியால் எட்டிப் பார்த்த அயலவர்கள், கல்முனைக் கரையோரத்தில் நல்லுறவை இவ்வளவு நெருக்கமாகக் கண்டதில்லை. மாஸ்டரின் இடது தோள் நனைந்தது. குற்றம் குடை சிறியதாக இருப்பதே என்று உபகுழு அறிக்கை கொடுத்தது. தலைவர் அதை ஏற்றுக்கொண்டு, உபகுழுவுக்குப் பாராட்டுத் தெரிவித்தார்.

நாடகத்தின் நிறைகளும் குறைகளும் என்று பேச்சு வந்தால் தலைவரை நிறுத்த முடியாது. ஒவ்வோர் அங்கத்திலும் யாராவது ஒருவர், அழுதுகொண்டிருந்தாலும் சரி, திடீரென்று ஒரு வெள்ளைக் கிறீம் டப்பாவை எடுத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துச் சிரிப்பார். அது படத்துக்குப் பணம் போட்ட கம்பனியின் விளம்பரம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தலைவர் அதற்கு அரைமணி நேரம் விளக்கம் சொன்னார். வெண்மை தூய்மையின் குறியீடாம். வட்டமான டப்பா முழுமையின் குறியீடாம். அழும்போதும் அதை உயர்த்திப் பிடிப்பது துயரத்தை வென்ற ஆன்மாவாம். மர்சூக் காக்கா எழுதிக்கொண்டார். நான் திருத்தப் போகவில்லை. சொல்லிக் கொடுக்க எனக்கென்ன தலைவிதி, வகுப்பைத்தான் மூடிவிட்டார்களே.

தாம் வழுக்கி கிரித்தின் கையில் விழுகிற காட்சியை மூன்று பக்கத்தில் இருந்தும் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். இழுவை, அது நாடகத்தின் உண்மையான குறை. பதியுதீன் ஹாஜியார் மடிக்கணினி இறுகி நின்றுவிட்டதாக நினைத்து அதன் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு தெளிவில்லை என்று சொல்லி அந்த இடத்தை மீண்டும் போடச் சொன்னார். அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒருவரும் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று தலைவர் வருந்தினார். இந்த மாணவர்களின் வரவு இடாப்பை யார் மேற்பார்வை செய்வது என்று என்னிடம் கேட்டார்.

எனக்கு இருந்த பெரிய குறை வேறு. அந்த நாடகத்தில் பெண்களுக்கு வேலையே இல்லை. ஒருத்தி வந்தால் ஒன்றில் பொறாமைக்காரி, இல்லாவிட்டால் இரண்டு பொடியன்களையும் சேர்த்து வைத்துவிட்டுக் கைதட்டுகிற சிநேகிதி. நல்லதொரு கதையில் இப்படி ஓர் ஓட்டை. நிர்வாகக் குழுவில் ஒருவருக்குக்கூட இது குறையாகத் தெரியவில்லை. அவர்களுடைய மேடையிலும் பெண்களுக்கு இந்த இரண்டு வேலைதான்.

ஆனாலும் அந்த இரண்டு பொடியன்களும் கண்ணால் நடித்தார்கள், அதை மறுக்க முடியாது. கடைசிக்கு முந்தின அங்கத்தில் தகப்பன் படகுத்துறையை மூடி, தாமை வேலையால் நிறுத்துகிறான். ஒரு சத்தம் இல்லை. தாம் தன் ரிக்கற் பையைக் கழற்றி வைத்துவிட்டு நடந்து போகிறான்; கிரித் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். பதியுதீன் ஹாஜியார் தோள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார். ஜீவராஜ் மாஸ்டரிடம் முதன்முறையாகத் தலைவர் அபிப்பிராயம் கேட்டார். அவர் “எனக்குக் கதைக்க ஏலாமக் கிடக்கு” என்றார். மர்சூக் காக்கா அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசி அங்கத்துக்குத் தமிழ் இல்லை. வகுப்பு மூடியபோது நாங்கள் அந்த இடத்தில்தான் நின்றிருந்தோம்.

அந்த விடயத்தைச் சொன்னபோது நான்கு பேருடைய முகத்தையும் பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே பதியுதீன் ஹாஜியார் எனக்குப் போன் எடுத்து, அந்தப் பொடியன் படகில் ஏறினானா இல்லையா, அதை மட்டும் சொல்லு புள்ள என்று கேட்டார். தலைவரின் மனைவி, அடுப்படி யன்னலால் அதுவரை ஓடியதை எல்லாம் பார்த்திருந்தவர், முடிவு என்ன என்று கேட்டு வேறு ஒருவர் மூலம் சலாம் சொல்லி அனுப்பினார். நான் தலைவரிடம் போனேன். மண்டபத்தைத் திறந்துவிடுங்கள், வகுப்பு நடக்கட்டும், கடைசி அங்கத்தைத் தமிழில் தருகிறேன் என்றேன். பண்பாடு பேரம் பேசுவதில்லை என்றார் அவர். கண்டன நிகழ்வு சிறப்பாக நடந்தேறிய பின்னர் எனது கோரிக்கை நிறைவாகப் பரிசீலிக்கப்படுமாம். பரிசீலிக்கப்படும் என்றால் என்ன அர்த்தம் என்று இலங்கையில் பிறந்த ஒருவருக்கு விளக்கத் தேவையில்லை. நான் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எப்படிப் பழி தீர்ப்பது என்று அப்போதும் தெரியவில்லை.

கண்டன நிகழ்வுக்கு அழைப்பிதழ் அச்சாகி வந்தது. கண்டனக் கூட்டம் எப்படி நடத்துவது என்று பேரவையில் யாருக்கும் தெரியாது. தெரிந்த கூட்டம் ஒன்றுதானே இருக்கிறது! ‘ஏழாம் இலக்கப் படகு: கண்டன அரங்கும் இறுதி அங்க வெளியீட்டு விழாவும்’ என்று பொன் எழுத்தில் போட்டிருந்தார்கள். தலைமையும் கண்டன நயவுரையும் தலைவர். முதற்பிரதி பெறுபவர் பதியுதீன் ஹாஜியார். கீழே, பெண்களுக்கும் இடமளித்தோம் என்பதற்காக, நன்றியுரை: எம்.எஸ். சுல்பிகா.

நானும் றிப்னாவும் பௌமியாவும் றிப்னா வீட்டுத் தறிக் கொட்டிலில் உட்கார்ந்தோம். அங்கே வகுப்பு நடத்த முடியாது. தறி அடிக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. எழுத முடியும். கடைசி அங்கத்தில் முக்கால்வாசியும் தகப்பனுடைய பேச்சுத்தான். மகனிடம் பேசுகிறான், தாமிடம் பேசுகிறான், சங்கக் கூட்டத்தில் பேசுகிறான். ஆங்கில வரியை நான் வாசித்தேன். யாரையும் தான் தடுக்கவில்லை என்கிறான். தான் அனுமதித்தால் எல்லோரும் சுதந்திரமாக இருக்கலாம் என்கிறான். இதற்குப் பொருத்தமான தமிழ் என்ன என்று கேட்டேன். றிப்னா தறியை நிறுத்தினாள்.

“டீச்சர், இதுக்குத் தமிழ் தேடத் தேவல்ல. நாம இத மண்டபத்துல கேட்டிருக்கோம்.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஒரு பொய்கூட எழுதவில்லை, அல்லாஹ் சாட்சி. ஆங்கிலத்தில் என்ன இருந்ததோ அதுதான். ஒவ்வொரு வரிக்கும் தமிழ் தேடிப் பார்த்தால், தலைவர் அதை ஏற்கெனவே செவ்வையாகச் சொல்லி முடித்திருந்தார். மொழிபெயர்ப்பு இவ்வளவு இலேசாக எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

விழா நாளில் மண்டபம் நிறைந்து வழிந்தது. வழக்கமாக வெளியீட்டுக்கு வருபவர்கள் மேடையில் இருப்பவர்களைவிடக் குறைவு. அன்றைக்குக் கண்டிக்கப்போகும் நாடகத்தின் முடிவைப் பார்க்க மருதமுனை, பெரியநீலாவணை, பாண்டிருப்பு எல்லாம் திரண்டு வந்திருந்தது. பின்வரிசை முழுவதும் எங்கள் வகுப்புப் பெண்கள். இந்த இனிய மாலைப் பொழுதிலே என்று வரவேற்புரை தொடங்கியது. கடைசி அங்கத்தை ஒரு பென் டிரைவில் போட்டு, அதை வெள்ளித் தட்டில் வைத்து, பொற்காகிதம் சுற்றி, நாடா கட்டியிருந்தார்கள். பதியுதீன் ஹாஜியார் முதற்பிரதியைப் பெற்று, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துப் படமெடுக்க நின்றார். பிறகு அதைத் திருப்பித் தந்தால்தான் படம் போடலாம் என்று சொன்னபோது கொடுக்க மனம் வரவில்லை. நாடகத்தைக் கண்டிக்கும் துணிவுக்காகத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது.

தகப்பன் சங்க மேடையில் ஏறினான். ஒலிவாங்கியைத் தட்டினான். திரையின் கீழே தமிழ் வந்தது: நான் யாரையும் தடுக்கவில்லை. எனது அனுமதியோடு இங்கே எல்லோரும் சுதந்திரமாக இருக்கலாம். பின்வரிசையில் ஒரு சலசலப்பு. அவன் மகனைப் பார்த்தான். உங்களது உணர்வுகளை நான் மதிக்கின்றேன். அந்த உணர்வுகள் இருக்கக்கூடாது என்பது மட்டுமே எனது நிலைப்பாடு. பௌமியா முந்தானையை வாயில் வைத்து அமுக்கினாள். மகனுடைய கண் கலங்கியது. அழுவதாயின் அழலாம். சுருக்கமாக அழவும். மண்டபத்தின் பின்பக்கம் முழுவதும் குலுங்கியது. முன்வரிசையில் தலைவர் மட்டும் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். “மனிதனா இவன்!” என்று பதியுதீன் ஹாஜியாரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

அவருக்கு ஏன் விளங்கவில்லை என்று பலர் பிறகு கேட்டார்கள். அந்த மனிதர் தன் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை. பேசும்போது மற்றவர்கள் கேட்கிறார்களா என்று பார்ப்பதிலேயே அவருடைய நேரம் போய்விடுகிறது.

தாம் படகில் ஏறினான். கிரித் தகப்பனுடைய கதவைத் தாண்டிக் குதித்து ஓடிவந்து ஏறினான். மண்டபம் கைதட்டியது. பதியுதீன் ஹாஜியார் எழும்பி நின்று தட்டினார். பிறகு இது கண்டனக் கூட்டம் என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார்.

தலைவர் கண்டன நயவுரைக்கு எழுந்தார். பழக்கதோசம் விடவில்லை, நிறைகளில் இருந்து ஆரம்பித்தார். மழைக் காட்சிகளின் அழகு, மௌனத்தின் ஆழம், சோறு பரிமாறுவதில் தெரியும் அன்பு, வெள்ளை டப்பாவின் தத்துவம். சபை கேட்டுக்கொண்டே இருந்தது. நிறைகள் முடிந்தபோது கண்டிப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. மர்சூக் காக்கா ஒரு துண்டில் ‘குறை’ என்று எழுதி நீட்டினார். அதைப் பார்த்ததும் தலைவருக்கு வீரம் வந்தது.

“இந்நாடகத்தின் மாபெரும் குறை அந்தத் தகப்பன் பாத்திரமே. உலகத்திலே எந்த மனிதனாவது இப்படிக் கதைப்பானா? தன் வாயாலேயே தன்னை இவ்வளவு கேவலப்படுத்திக்கொள்ளும் ஒரு மூடனை நான் எங்குமே கண்டதில்லை. இந்த வசனங்களை எழுதியவனுக்கு மனிதர்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது.”

சபை வெடித்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். தன்னுடைய நகைச்சுவைதான் எடுபட்டது என்று நினைத்து அவர் அதை இன்னொருதரம் சொன்னார். அதற்கும் சிரித்தார்கள். மூன்றாந்தரமும் சொன்னார்.

பிறகு என்னுடைய முறை. நன்றியுரை. மேடைக்கு ஏறினேன். வழக்கப்படி வரவேற்புரை சொன்னவருக்கு நன்றி சொன்னேன், கதிரை தந்தவர்களுக்கு நன்றி சொன்னேன். அடுத்ததாக, தகப்பன் பாத்திரத்தின் தமிழ் வசனங்கள் அனைத்தையும் எழுதித் தந்த பேரவைத் தலைவர் கவிச்சமுத்திரம் அல்ஹாஜ் ஸைனுலாப்தீன் அவர்களுக்கு நன்றி சொன்னேன். இந்த மண்டபத்தை எங்களுக்கு மூடிய பின்னேரம், இதே மேடையில், இதே ஒலிவாங்கிக்குப் பின்னால் நின்று அவர் சொன்ன வசனங்கள் அவை. நான் ஓர் எழுத்தும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சந்தேகம் இருந்தால் பின்வரிசையைக் கேட்கலாம் என்றேன்.

பின்வரிசை எழும்பி நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவரின் முகத்தில் இரத்தம் இல்லை. தன் வசனங்களை அவர் முதன்முறையாகக் கேட்ட நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். எனக்கு இரக்கம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

அவர் எழுந்தார். கூட்டம் முடிந்தது என்று அறிவித்து, கதவைப் பூட்டச் சொன்னார். மர்சூக் காக்கா அப்போதும் பேனையைக் கீழே வைக்கவில்லை.

“நன்றியுரை முடியல்லயே தலைவர். யாப்புப்படி நன்றியுரை முடியாமக் கூட்டத்த முடிக்க ஏலா. கூட்டம் நடக்கக்குள்ள தலைவர் கதிரைய விட்டு எழும்பவும் ஏலா.”

அது மர்சூக் காக்கா தீர்த்துக்கொண்ட பழி. எத்தனையோ வருடம் தலைவரின் உரைகளை அவர் எழுதிக்கொண்டிருந்தாரே! தலைவர் உட்கார்ந்தார். மண்டபம் என்னைப் பார்த்தது. எனக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் இன்னும் ஏராளம் இருந்தார்கள். றிப்னாவை மேடைக்குக் கூப்பிட்டேன். அவளுக்கு நன்றி சொல்வதற்கு முன்னால், அவளுடைய ஆங்கிலப் பாடத்தில் நாங்கள் விட்ட இடத்தைச் சபைக்கு நினைவுபடுத்த வேண்டும் என்றேன். பெண்கள் பையில் இருந்து கொப்பியை எடுத்தார்கள். அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும், நன்றியுரையின் எஞ்சிய பகுதி மறுநாள் அஸருக்குப் பிறகு என்று மர்சூக் காக்கா ஒத்திவைத்தார். ஒரு கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது இன்னொரு கூட்டம் கூட்டி யாப்பை மாற்ற முடியாது. அதையும் அவரே சொன்னார்.

இப்போது தினமும் மண்டபம் திறக்கிறது. நான் நன்றியுரை நிகழ்த்துகிறேன். றிப்னா கட்டுரை எழுதுகிறாள். பிழை குறைந்துவிட்டது, இன்ஷா அல்லாஹ் எடுத்துவிடுவாள். ஜீவராஜ் மாஸ்டர் பாண்டிருப்பில் இருந்து தன் மகளையும் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போகிறார். பதியுதீன் ஹாஜியார் ஒரு வெள்ளைப் பலகை கொண்டுவந்து மாட்டினார். இதே நடிகர்களுடைய வேறு நாடகம் ஏதும் வந்திருக்கிறதா என்று என்னை ஒருபக்கமாகக் கூப்பிட்டு விசாரித்தார். தலைவர் கைப்பிடிக் கதிரையில், பொன்னாடையோடு, ஒவ்வொரு பின்னேரமும் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று வகுப்பு முடிகிற நேரம் அவர் என்னைக் கையால் கூப்பிட்டார். கிட்டப் போனேன். ஒலிவாங்கியைத் தேடவில்லை.

“மகள், இடுப்பு நோகுதுகா. இந்த நன்றியுரை எப்ப முடியும்?”

அவர் அப்படிக் கதைத்ததை நான் முதன்முறையாகக் கேட்டேன். றிப்னா கொப்பியில் இருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

“சோதின முடியட்டும் தலைவர்,” என்றேன். “அதுமட்டும் கொஞ்சம் நேரா இரிங்க. புள்ளைகள் படிக்குதுகள்.”

அவர் நேராக இருந்தார்.